மூன்றாவது மீன்

உர்வேக்கு இதுவரை இரண்டு மீன் விழுந்திருந்தது. மூன்றாவதும் விழுந்தால் வேலை போய்விடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் அந்தப் பிப்ரவரி முழுவதும் உர்வே தன் கணினிக்கு எதிரே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மெயில் வந்தால் நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அதைத் திறந்தாள்.

மீன் என்பது டானெலின் கண்டுபிடிப்பு. தாலின் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில், கைபேசி விளையாட்டுகள் செய்து விற்கிற ஏழு பேர் கொண்ட நிறுவனம் அது. அதில் பாதுகாப்பு டானெலின் பொறுப்பு. நிறுவனத்தின் கையிருப்பும் சரி, ஆட்களின் பங்கும் சரி, எல்லாம் டிஜிட்டல் நாணயமாகப் பிரவுசருக்குள் இருக்கும் வாலட்டில்தான் கிடந்தது. வங்கி இல்லை, மேனேஜர் இல்லை. தப்பான பக்கத்தில் வாலட்டை இணைத்து, ஒரு பட்டனை அமுக்கிக் கையொப்பம் போட்டால் பணம் போயிற்று, தீர்ந்தது கதை. போய் முறையிட உலகத்தில் ஓர் ஆள் கிடையாது. ஆகவே, திருடன் வருவதற்கு முன்னால் நானே திருடனாக வருகிறேன் என்றான் டானெல். பொய் மெயில் அனுப்புவான், பொய்ப் பக்கம் கட்டுவான். யாராவது நம்பிக் கையொப்பம் போட்டால் ஸ்கிரீன் முழுக்க ஒரு மீன் வாயைப் பிளந்து சிரிக்கும்.

சிரித்ததோடு முடிந்தால் பரவாயில்லை. ஏமாந்தவர் வெள்ளிக்கிழமை மதியம் தன் செலவில் கிலு என்கிற பொடி மீனும் கறுப்பு ரொட்டியும் வாங்கிவந்து எல்லோருக்கும் பரிமாற வேண்டும். பரிமாறும்போது தலையில் டானெலின் அம்மா பின்னிக் கொடுத்த மீன் குல்லாய் இருக்கும், இரண்டு பக்கமும் பித்தான் கண்களோடு. அதைப் போட்டோ எடுத்து காபி மெஷினுக்கு மேலே மாட்டுவார்கள். மூன்று மீன் விழுந்தவருக்கு நிறுவனத்தின் வாலட்டைத் தொடும் உரிமை பறிபோகும். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. உர்வே கணக்குப் பார்க்கிறவள். வாலட்டைத் தொட முடியாத கணக்குக்காரியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்?

இன்னொரு விதியும் உண்டு. எது பொறி, எது நிஜம் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஜாடையாகச் சொன்னாலும் சொன்னவர் கணக்கில் ஒரு மீன். திருடன் வரும்போது பக்கத்து மேஜைக்காரியா வந்து காப்பாற்றுவாள் என்பது டானெலின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இந்த மாதிரி நியாயங்களை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை அநியாயம் செய்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரியும்.

உர்வேக்கு எதிர் மேஜை ரேலிகாவுடையது. பக்கங்களை வடிவமைப்பது அவள் வேலை. ரேலிகாவை எல்லோரும் நல்ல பெண் என்பார்கள். பிறந்தநாளை மறக்காமல் பூ வாங்கிவருவாள். யாராவது தும்மினால் முதலில் திரும்பிப் பார்ப்பது அவள்தான். உர்வே தன் வீட்டுக் கதையை எல்லாம் சொல்வது அவளிடம் மட்டுமே. நகரத்தின் ஓரம் முஸ்தமேயில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஐந்தாம் மாடி. கணவன் ஹெய்னோவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் ஓய்ந்துவிட்டது. இரண்டு குளிர்காலமாக அவன் தரையை மிதிக்கவில்லை.

"ஜன்னல் ஓரமா நாற்காலியப் போட்டு உக்காந்திருக்காரு தங்கம்," என்பாள் உர்வே. "கீழ போற நாய்க்கெல்லாம் பேர் வச்சிருக்காரு. பேச்சு குழறுது. ஆனா என் வாலட்டைத் திறக்கிற அந்தப் பன்னிரண்டு ரகசிய வார்த்தை இருக்கு பாரு, அதை மட்டும் வரிசையா, ஒரு எழுத்துப் பிசகாம சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை தவறாம சொல்லச் சொல்லிக் கேப்பேன்."

"அதை யார்கிட்டயும் சொல்லாதீங்க உர்வே. டானெல் கேட்டா உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு மீன் போட்டுடுவான்," என்று சிரிப்பாள் ரேலிகா.

ஹெய்னோவைக் கீழே இறக்க வேண்டும். உர்வேக்கு வேண்டியது அது ஒன்றுதான். அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வருகிறது. வாசலில் படியே இல்லை. அதற்கு வழி அவளுடைய பங்கு.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் தள்ளாடியபோது, முதலாளி ஆர்டோ பாதிச் சம்பளத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் டோக்கன் என்கிற நிறுவனத்தின் சொந்த நாணயத்தில் பங்கு கொடுத்தான். கொடுத்தானே தவிர, பூட்டிக் கொடுத்தான். எடுக்கிற நாள்வரை வாலட்டில் அந்தத் தொகை சாம்பல் நிறத்தில் தெரியும், தொட முடியாது. இந்தப் பிப்ரவரியில் பூட்டுத் திறக்கும் என்பது ஏற்பாடு. திறந்தால் ஒரு வாரம் அவகாசம். அதற்குள் அவரவர் கையொப்பம் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காதவர் பங்கு, எடுத்தவர்களுக்குச் சமமாகப் பிரிந்து தானாகப் போய்விடும். வேலையை விட்டுப் போனவன் பங்கு அந்தரத்தில் கிடக்கக் கூடாது என்று அப்படி எழுதினார்கள். எழுதியது எழுதியதுதான், ஆர்டோவே தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. அன்றைக்குக் கை தூக்கி ஒப்புக்கொண்டவர்களில் உர்வேயும் ஒருத்தி. திறக்கும் நாள் எது என்று மட்டும் முன்னாலேயே சொல்லவில்லை. சொன்னால் வெளித் திருடர்கள் அந்த நாளைப் பார்த்து வலை விரிப்பார்கள் என்று டானெல் தடுத்துவிட்டான்.

வலையை அவனே விரித்தான். போன அக்டோபரில் உர்வேக்கு ஒரு மெயில் வந்தது. 'உங்கள் பங்கு முன்கூட்டியே திறந்துவிட்டது.' பச்சை நிறத்தில் அழகான பட்டன். உர்வே உடனே ஹெய்னோவுக்குப் போன் போட்டாள். "பெரியவரே, ஷூவைத் துடைச்சு வையுங்க, கீழ எறங்கப் போறீங்க!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கினாள். மீன் சிரித்தது. போனில் ஹெய்னோ ஏதோ குழறிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அறையில் ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பச்சைப் பட்டனை வரைந்தது ரேலிகா. அவளும் சிரித்தாள், நல்ல பெண்ணாக வாயைப் பொத்திக்கொண்டு.

அது உர்வேயின் இரண்டாவது மீன்.

பிப்ரவரியில் நிஜமாகவே பூட்டுத் திறக்கிற சமயம் வந்தது. அதற்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று டானெல் ரேலிகாவிடம் சொன்னான்.

"புதுசா எல்லாம் எதுக்கு? அக்டோபர்ல செஞ்சியே, அதையே எடுத்து ரெண்டு வரி மாத்திடு."

"அதே பச்சைப் பட்டனா? ஜனங்க பயப்பட மாட்டாங்களா?"

"பயப்படட்டும். பயந்தாத்தான் நல்லாப் பாப்பாங்க."

ரேலிகா இரண்டு வரியை மாற்றினாள். அந்த வார வெள்ளிக்கிழமை மதியம் பூட்டுத் திறந்தது. திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் மெயில் போயிற்று. வரும் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிவரை அவகாசம். உர்வேயைத் தவிர ஆறு பேரும், தெரிந்தவர்கள் தெரிந்தும் மற்றவர்கள் துணிந்தும், வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, கையொப்பம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்தவர் பார்க்க வாலட்டைத் திறப்பது அங்கே மரியாதை இல்லை. அதனால் யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று அறையில் ஒரு பேச்சும் எழவில்லை.

உர்வே அந்த மெயிலைப் பார்த்தாள். பக்கத்தைத் திறந்தாள். அதே பச்சைப் பட்டன்! மேஜைக்கு மேல் தலையை நீட்டி ரேலிகாவைப் பார்த்துக் கண் அடித்தாள்.

"வந்துடுச்சு பாரு உன் பச்சைப் பட்டன். என்னை என்ன, நேத்துப் பொறந்தவள்னு நெனச்சிட்டானா அந்த டானெல்?"

ரேலிகா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள், அதை இங்கே மறைப்பானேன். அந்த நேரம் பார்த்து காபிக் கோப்பையோடு டானெல் கடந்து போனான்.

"ரேலிகா, உனக்கு இன்னும் ஒரு மீன்கூட இல்லை, ஞாபகம் இருக்கட்டும். குல்லாய் உன் தலைக்கும் சரியாத்தான் இருக்கும்."

ரேலிகா வாயை மூடிக்கொண்டாள். நான்கு வருஷமாக ஒரு மீன்கூட விழாதவள் என்ற பெருமை அவளுக்கு. இவ்வளவு அற்பமான விஷயத்தில்தான் எல்லாம் முதலில் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை உர்வேக்குச் சந்தேகம் வந்தது. பிப்ரவரி பாதிக்கு மேல் ஓடிவிட்டது, நிஜமான அறிவிப்பு இன்னும் வரவில்லையே? ஒருவேளை இதுதானோ? பக்கத்தை மறுபடி திறந்து, வாலட்டை இணைக்காமல், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அதில் இருந்த நீண்ட நாணய முகவரியை நிறுவனத்தின் நிஜ முகவரியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தியது. ஆனால் அக்டோபரிலும் பொருந்தத்தான் பொருந்தியது. பக்கத்தில் சரியான முகவரியைக் காட்டிவிட்டு, கையொப்பம் கேட்கும் சின்ன ஜன்னலில் வேறொன்றைச் சொருகியிருந்தான் டானெல். அந்தச் சின்ன ஜன்னலில் தெரிவதோ படிக்க முடியாத எழுத்துக் குவியல். அதைப் பார்த்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் அந்த அறையில் மூன்று பேர். உர்வே அந்த மூவரில் இல்லை.

நேரே ஆர்டோவின் அறைக்குப் போனாள்.

"ஆர்டோ, பங்கு திறந்தாச்சா இல்லையா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை."

ஆர்டோ இரண்டு கையையும் தூக்கினான். "ஐயோ, என்னை மாட்டி விடாதீங்க உர்வே. முதலாளிக்கும் குல்லாய் உண்டுன்னு அவன் சொல்லிட்டான். உங்களுக்குத் தெரியாததா? நிதானமா யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க."

"அமுக்கி அது பொறின்னா எனக்கு வேலை போகும், அமுக்காம அது நிஜம்னா வீடு போகும். வேற என்ன யோசிக்க?"

"அப்படிப் பேசாதீங்க," என்று ஆர்டோ அன்பாகச் சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இனிமையாகப் பேச நன்றாக வரும்.

புதன்கிழமை காபி அறையில் உர்வேயைத் தவிர மற்ற ஆறு பேரும் இருந்தார்கள். டானெல் தன் கைபேசியை நடுவில் வைத்தான். இந்த நாணய உலகத்தில் யார் எடுத்தார்கள், எடுக்கவில்லை என்பதை, பார்க்கத் தெரிந்த எவனும் பார்க்கலாம், உர்வேக்கு அது தெரியாது. பெயர் இருக்காது, முகவரி இருக்கும். ஏழு முகவரி. ஆறுக்கு நேரே எடுத்தாயிற்று என்ற குறி. ஒன்றுக்கு நேரே வெறுமை.

"யாரோ ஒருத்தர் இன்னும் எடுக்கல. யாருன்னு சொல்லுங்க பாப்போம்," என்றான் டானெல்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் உர்வே மீன் குல்லாயோடு, கையில் ரொட்டித் தட்டோடு, அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடலாமேடா," என்றான் வரைகலை பார்க்கிற பையன், அவ்வளவு சத்தமில்லாமல்.

"சொல்லு. சொல்லிட்டு மீனை வாங்கிக்கோ. விதின்னா எல்லாருக்கும் விதி. இன்னிக்கு நாம சொல்லிக் காப்பாத்தினா, நாளைக்கு நிஜத் திருடன் வந்து கம்பெனியையே தொடச்சிட்டுப் போவான். அப்ப யார் பதில் சொல்றது?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல," என்றான் ஆர்டோ. "அவங்க கெட்டிக்காரி. எடுத்துடுவாங்க."

"எடுக்கலைன்னா?"

அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள் என்பது பின்னால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. டானெல் கைபேசியை எடுத்து விரலால் ஏதோ தட்டினான், ஆறால் வகுத்தான், மறுபடி நடுவில் வைத்தான். ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை எங்கே என்று ஒருத்தி கேட்டாள். பனி எப்போது விடும் என்று ஒருவன் கேட்டான்.

ரேலிகா தன் கோப்பையைக் கழுவினாள். ஹீயுமா தீவில் அவளுக்கு ஒரு கோடை வீடு, அதில் சானா என்கிற பழைய நீராவிக் குளியல் அறை. அதன் அடுப்பு விரிசல் விட்டு மூன்று வருஷமாகிறது. கடையில் ஒரு கறுப்பு அடுப்பைப் பார்த்து வைத்திருந்தாள், கண்ணாடிக் கதவு வைத்தது. உர்வேயின் பங்கில் ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட அந்த அடுப்பு. ஒரு மனுஷனின் ஓய்ந்த காலை அடுப்பாக மாற்றிப் பார்த்துவிட்டோமே என்று அவளுக்கு ஒரு கணம் வெட்கமாக இருந்தது. ஒரு கணம்தான். கோப்பையைத் துடைத்து மாட்டும்போது, அடுப்பை எந்தப் பக்கம் வைத்தால் புகைபோக்கிக்கு வசதி என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை, கோட்டு மாட்டுகிற அறையில் உர்வே அவளைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"தங்கம், உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டா உனக்கு மீன் விழும், அது எனக்குத் தெரியும். நீ வாயத் தொறக்கவே வேணாம்."

"உர்வே, நான்..."

"பேசாத, பேசாத! நான் சொல்றதை மட்டும் கேளு. அந்தப் பக்கத்தைச் செஞ்சது நீ. பொய்யோ நிஜமோ, உன் கைதான். நான் இப்ப உன் மூஞ்சியப் பாத்துட்டு நிப்பேன். நிஜம்னா நீயும் என் மூஞ்சியப் பாரு. பொறின்னா கீழ பாரு. அவ்வளவுதான். இதுக்கெல்லாம் எவனும் மீன் போட முடியாது."

ரேலிகாவுக்குக் காது சூடாயிற்று. பார்த்தால் போதும். பேச வேண்டாம், தலையாட்ட வேண்டாம், குல்லாய் இல்லை, குற்றம் இல்லை. டானெலுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியின் முகத்தைப் பார்க்க வேண்டும், உலகத்திலேயே இதைவிட மலிவான உதவி இல்லை.

"ஹெய்னோகிட்ட இன்னும் சொல்லல," என்றாள் உர்வே. "போன தடவை சொன்னேன்ல, அன்னிக்கு ராத்திரி பூரா ஷூவைக் கழட்டவே மாட்டேன்னுட்டாரு. அதான் இந்தத் தடவை உன்னைப் பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு."

உர்வேயின் கண்கள் சாம்பல் நிறம். ரேலிகா அந்தக் கண்கள் வரைக்கும் போகவில்லை. உர்வேயின் கழுத்துத் துண்டு வரைக்கும் போனாள். அங்கிருந்து பார்வை இறங்கியது. குனிந்து தன் பூட்ஸ் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். ஜிப் ஏற்கெனவே மேலேதான் இருந்தது. அதைக் கீழே இறக்கி மறுபடி மேலே இழுத்தாள். 'நான் பூட்ஸ்தான் போட்டுக்கொண்டிருந்தேன்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

மேலே ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

"போதும் தங்கம். புரிஞ்சிடுச்சு," என்று உர்வே அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "நீ இல்லன்னா நாளைக்கு நான் அமுக்கியிருப்பேன். தெரியுமா? அமுக்கியே இருப்பேன்."

ரேலிகா நிமிர்ந்தபோது உர்வே போய்விட்டிருந்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரேலிகா கைபேசியைக் கையில் வைத்திருந்தாள். 'அது நிஜம்' என்று இரண்டு சொல் அடித்தால் போதும். அடித்தாள், அழித்தாள். யார் கண்டது, காலையில் உர்வேக்கே தோன்றிவிடும். சின்னக் குழந்தையா அவள்? நாலு வருஷமாக வாலட் வைத்திருக்கிறாள். இப்படி எல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரேலிகாவுக்கு உர்வேயின் மேல் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. நாம் கெடுதல் செய்தவர்கள் மேல் நமக்கு வருமே, அந்தக் கோபம்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு உர்வே பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தாள். பிப்ரவரியில் எல்லா பேக்கரியிலும் கிடைக்கிற கிரீம் பன்கள், தலைக்கு ஒன்று. மேலே பொடிச் சர்க்கரை. உதட்டில் சாயம் வேறு பூசியிருந்தாள்.

"என்ன விசேஷம் உர்வே? யாருக்குப் பொறந்தநாள்?" என்றான் ஆர்டோ.

"யாருக்கும் இல்ல. இந்த வாரம் ஒருத்தன் எனக்குத் தூண்டில் போட்டான். நான் கடிக்கல. அதைக் கொண்டாட வேணாமா?" என்று டானெலைப் பார்த்து விரலை ஆட்டினாள். "இந்தக் கெழவிய மூணாவது தடவை ஏமாத்த முடியாதுடா தம்பி."

டானெலின் முகம் காதுவரை சிவந்தது. மணி பதினொன்றே முக்கால். இப்போதுகூட நேரம் இருந்தது. பட்டனை அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ரேலிகாவைத் தவிர எல்லோரும் ஆளுக்கொரு பன்னை வாங்கிக்கொண்டார்கள். வரைகலைப் பையன் மட்டும் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனான், பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்புதான் திரும்பினான்.

உர்வே ரேலிகாவின் மேஜைக்கு வந்து ஒரு பன்னைத் தனியாக எடுத்து வைத்தாள். மற்றதைவிடப் பெரியது. குனிந்து காதோடு சொன்னாள்.

"இது உனக்குன்னு சொல்லி வாங்கினேன். நேத்து நீ கீழ பாத்தியே, அதுக்கு. இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆள் இருக்குன்னு ஹெய்னோகிட்ட ராத்திரி சொன்னேன்."

"சாப்பிடுறேன்," என்றாள் ரேலிகா. பன்னைக் கடித்தாள். கிரீம் மூக்கில் ஒட்டியது. உர்வே சிரித்துக்கொண்டே தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள்.

பன்னிரண்டு அடித்தது. ஒரு மேஜையில் டிங் என்றது. பிறகு அடுத்ததில், பிறகு ஜன்னலோரத்தில், பிறகு ஆர்டோவின் அறைக்குள். ரேலிகாவின் கணினியிலும் டிங் என்றது. வாலட்டில் புதிதாக ஏதாவது வந்து விழுந்தால் எழும் சத்தம் அது. உர்வே கையில் காலிப் பெட்டியோடு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"என்னது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல?"

எல்லோரும் வாய் நிறைய பன் வைத்திருந்தார்கள்.

உர்வே தன் நாற்காலிக்குப் போனாள். வாலட்டைத் திறந்தாள், எல்லோரும் பார்க்கும்படி, மரியாதையை எல்லாம் மறந்து. சாம்பல் நிறத்தில் நான்கு வருஷமாக இருந்த தொகை இல்லை. அந்த இடத்தில் ஒரு பூஜ்யம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதோ கத்தப்போகிறாள், இதோ அழப்போகிறாள் என்று ஆறு பேரும் காத்திருந்தார்கள். அவள் கத்தியிருந்தால் அவர்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

உர்வேயின் முகம் மெல்ல மாறியது. உதடு ஒரு பக்கம் கோணி, கண் சுருங்கி, அப்புறம் முழுச் சிரிப்பாக மலர்ந்தது.

"அடப் பாவி டானெல்!" என்றாள். "இதுவும் உன் வேலைதானா? லிங்க்ல மாட்டலைன்னதும், பங்கு காணாமப் போன மாதிரி காட்டிப் பயமுறுத்துறியா? நான் பதறிப்போய் எங்கயாவது அமுக்கணும், மீன் சிரிக்கணும். அதானே? ஒரு நிமிஷம் என் உசுரே போயிடுச்சுடா!"

டானெல் அவளைப் பார்த்தான். ஆர்டோவைப் பார்த்தான். ஆர்டோ தரையைப் பார்த்தான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களே," என்றான் டானெல்.

யாரோ ஒருவர் கை தட்டினார்கள். அது கொஞ்சம் தனியாகக் கேட்டது, அதனால் மற்றவர்களும் தட்டினார்கள். ஆர்டோவும் தட்டினான். அறை முழுக்கக் கைத்தட்டல். உர்வே நெஞ்சில் கை வைத்து மேடைக்காரி மாதிரி குனிந்து வணக்கம் சொன்னாள். நான்கு வருஷத்தில் அந்த அறை அவளுக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கே அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாளைக் காலை அந்தத் தரைத்தள வீட்டைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்களாம். பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைப் பிடித்து, ஹெய்னோவை நாற்காலியோடு தூக்கி இறக்கப்போகிறாளாம், அவனும் பார்க்கட்டும் என்று. ரேலிகா மாடிப்படி வரைக்கும் அவளோடு வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கால் வைத்தாள், சொல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு கால் வைத்தாள், அப்படியே படி வந்துவிட்டது.

உர்வே கையுறையை மாட்டிக்கொண்டே நின்றாள்.

"வீட்டுக்காரி நாளைக்கே முன்பணம் கேக்குறா. என்கிட்ட இருக்கிற சேமிப்பு மொத்தமும் அதுக்குச் சரியாப் போயிடும். குடுத்துடலாம்னு இருக்கேன். மீதிக்குத்தான் பங்கு இருக்கே. நிஜமான லிங்க் அடுத்த வாரம் வந்துடும், இல்ல? எப்படியும் மாசக் கடைசிக்குள்ள வந்துதானே ஆகணும்?"

ரேலிகா நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். இப்போது பார்ப்பது சுலபமாக இருந்தது.

"வரும்," என்றாள்.

"நீ சொன்னாச் சரி தங்கம்," என்று உர்வே அவள் கன்னத்தைக் கையுறையோடு தட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கினாள்.